சாகப் போகவில்லை... வழி தெரியாமல் போயிருக்கிறது!

"வயசான நாய்ங்க... சாகற எடத்தைத் தேடி அதுவே போயிட்டுது. இனிமே வராது!"

திருவையாறு, கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை... எந்த ஊர்ப் பக்கம் போனாலும் இந்த வசனம் காதில் விழும். பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் திண்ணையில் படுத்துக் கிடந்த நாய் ஒரு நாள் காலையில் காணாமல் போகும். வீட்டுக்காரர்கள் தெருமுனை வரை போய்ப் பார்ப்பார்கள். டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்பார்கள். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு மேற்படி தீர்ப்பைச் சொல்லிவிடுவார். அவ்வளவுதான், தேடுவது நின்றுவிடும். ராத்திரி நாய்க்கு எடுத்து வைத்த சோற்றை மறுநாள் காக்காய்க்குப் போட்டுவிடுவார்கள்.

கேட்பதற்கு என்னவோ இதமாகத்தான் இருக்கிறது. ஏதோ ரிஷி ஒருவர் வானப்பிரஸ்தம் போன மாதிரி! ஆனால் இந்த நம்பிக்கையைப் போல வயதான நாய்களுக்குக் கெடுதல் செய்வது வேறு எதுவும் இல்லை என்பது என் கருத்து. அந்த நாய் சாகப் போகவில்லை. வழி தெரியாமல் போயிருக்கிறது. நீங்கள் சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில் அது நாலு தெரு தள்ளி, ஏதோ ஒரு மதகுக்கு அடியில், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருக்கலாம்.

'உடம்பு முடியாத பூனை ஒளிஞ்சுக்குமே?' என்று கேட்பீர்கள். ஒளிந்துகொள்ளும், வாஸ்தவம்தான். பலவீனமான பிராணி எதிரியின் கண்ணில் படாமல் இருக்கப் பார்க்கும். அது பயத்தில் பதுங்குவது. பரணுக்கு மேலே, மாட்டுக் கொட்டகை மூலையில், படிக்கட்டுக்கு அடியில் என்று பக்கத்திலேயேதான் பதுங்கும். சாவதற்காக ஊரைத் தாண்டி யாத்திரை போகாது.

அப்படியானால் வயதான நாய் ஏன் போகிறது?

முதலில் வயது என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். அல்சேஷன், லாப்ரடார் மாதிரி பெரிய ஜாதிகள் ஏழு, எட்டு வயதிலேயே முதுமையைத் தொட்டுவிடுகின்றன. நம் ஊரில் பாதி வீடுகளில் 'பொமரேனியன்' என்று சொல்லி வளர்க்கிற வெள்ளை ஸ்பிட்ஸ் போன்ற சின்ன ஜாதிகளுக்குப் பத்து வயதுக்கு மேல். நாட்டு நாய்கள் கொஞ்சம் கெட்டி. ஆனால் அவற்றுக்கும் முழங்கால் தேயும், காது மந்தமாகும். கண்ணுக்குள் நீலமாக ஒரு படலம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் வயதினால் லென்ஸ் கெட்டிப்படுவதுதான், பார்வையை அதிகம் மறைக்காது. வெள்ளையாகப் பால் மாதிரி தெரிந்தால் அது கண்புரை. அதில் பார்வை நிஜமாகவே போகும்.

இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்று உண்டு. நாய்க்கும் மறதி நோய் வரும்!

வேடிக்கையாகச் சொல்லவில்லை. நம் வீட்டுத் தாத்தா பாட்டிக்கு வருகிற அல்சைமர் நோயில் மூளையில் படிகிற அதே மாதிரியான புரதம், வயதான நாயின் மூளையிலும் படிகிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர்கள் 2001-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 11-12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும், 15-16 வயது நாய்களில் 68 சதவீதத்துக்கும் இந்தத் தடுமாற்றத்தின் அறிகுறி ஒன்றாவது இருந்தது. அதாவது ரொம்ப வயதான நாய்களில் மூன்றில் இரண்டுக்கு!

அறிகுறிகள் என்ன? சுவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கும். மூலையில் போய் மாட்டிக்கொண்டு பின்னால் வரத் தெரியாமல் முழிக்கும். கதவு திறக்கிற பக்கத்தை விட்டுவிட்டுக் கீல் இருக்கிற பக்கம் போய்க் காத்திருக்கும். பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரி இரண்டு மணிக்குக் கூடத்தில் இங்கும் அங்கும் நடக்கும். பத்து வருஷமாக வெளியே போய் ஒன்றுக்கு இருந்த நாய் திடீரென்று பூஜை அறை வாசலில் இருந்துவிடும். உடனே நாம் என்ன செய்கிறோம்? "சனியன், வயசாக வயசாகத் திமிரு!" என்று ஒரு அடி போடுகிறோம். திமிர் இல்லை ஸார், வியாதி. இந்த அறிகுறிகளில் ஒன்றைப் பார்த்தாலும் அந்த நாய் என்றைக்கு வேண்டுமானாலும் தொலையும் என்று அர்த்தம். அன்றிலிருந்து வாசல் கதவு, கொல்லைக் கதவு இரண்டுக்கும் தாழ்ப்பாள் போடப் பழகிக்கொள்ளுங்கள்.

கொல்லைக் கதவை விசேஷமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகள் எப்படி? வாசல், திண்ணை, ரேழி, கூடம், இரண்டாங்கட்டு, கொல்லை... ஒரே நேர்கோடு. கொல்லையின் கடைசியில் படல். படலைத் தாண்டினால் வாய்க்கால் அல்லது வயல். இளம் நாய் வாய்க்கால் வரை ஓடும், வயலை ஒரு சுற்றுச் சுற்றும், பசித்தால் திரும்பிவிடும். கிழ நாய் வரப்பில் இறங்கினால் கதை வேறு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பச்சை. பின்னால் திரும்புவதற்குத் தடுமாறும். முன்னால் தெரிகிற வரப்பிலேயே நடந்துகொண்டே இருக்கும்.

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறக்கிற வருஷமானால், சில நாட்களில் கல்லணைக்குத் தண்ணீர் வந்து, அங்கிருந்து வெண்ணாறு, புது ஆறு என்று பிரிந்து வாய்க்கால்களில் பாயும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த வாய்க்காலில் இறங்கி ஏறிப் பழகிய நாய்க்கு அன்று அங்கே இடுப்பளவு தண்ணீர் ஓடுவது தெரியாது. இப்போது பல வாய்க்கால்களுக்கு இரண்டு பக்கமும் சிமெண்ட் கரை போட்டுவிட்டார்கள். விவசாயத்துக்கு நல்லதுதான். ஆனால் மூட்டு வலிக்கிற நாய் அதில் விழுந்தால் ஏற முடியாது. நாயைக் காணோம் என்றால் முதலில் கரையோரமாகத் தண்ணீர் போகிற திசையில் நடந்து பாருங்கள். மதகும் ஷட்டரும் இருக்கிற இடங்களில் நின்று பாருங்கள்.

வயலில் இன்னும் இரண்டு ஆபத்து. ஒன்று எலி மருந்து. நெற்பயிர் இருக்கிற இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கிற இடத்தில் விஷம் வைப்பார்கள். பசியோடு அலைகிற கிழ நாய் அதைத் தின்றுவிடும், அல்லது செத்த எலியைத் தின்றுவிடும். அப்படிச் சந்தேகம் இருந்தால் எந்த மருந்து என்று கேட்டு, முடிந்தால் அந்த டப்பாவையே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். ரத்தக் கசிவு உண்டாக்குகிற வகைக்கு வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற முடியும். வேறு சில வகைக்கு மாற்று மருந்தே கிடையாது. இன்னொன்று, கண்ணாடி விரியன். அறுவடைக் காலத்தில் எலிக்காக வயலில் சுற்றும். காது கேட்காத நாய்க்கு அதன் சீறல் எங்கே கேட்கப் போகிறது!

ஐப்பசியில் இரட்டைச் சோதனை. தீபாவளி வெடி ஒரு பக்கம், வடகிழக்குப் பருவமழை ஒரு பக்கம். கண்ணும் காதும் போன பிறகும் நாயிடம் கடைசி வரை ஓரளவு மிஞ்சுவது மூக்குதான். வெடிச் சத்தத்தில் கதிகலங்கி ஓடுகிற நாய் தன் வாசனையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரப் பார்க்கும். ராத்திரி அடித்த மழை அந்தத் தடத்தைக் கழுவிவிட்டிருக்கும். தீபாவளிக்கு முதல் நாளே வயதான நாயை உள்ளறையில் விட்டு, ஃபேனைப் போட்டு, ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிடுங்கள். யாராவது ஒருவர் கூட இருந்தால் ரொம்ப நல்லது. அன்றைக்கு வருகிற விருந்தாளிகள் கதவைத் திறந்து போடுவதுதான் பெரிய தொல்லை!

கஜா சொன்ன பாடம்

2018 நவம்பர் 16-ம் தேதி விடியற்காலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்ததை டெல்டாக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கங்களில் தென்னந்தோப்புகள் மொத்தமாகச் சாய்ந்தன. வாரக்கணக்கில் கரெண்ட் இல்லை. மனிதர்கள் முகாம்களுக்குப் போனார்கள். மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். நாய்?

யோசித்துப் பாருங்கள். ஒரு நாய்க்குத் தன் தெரு என்பது என்ன? அந்த முருங்கை மரம், இந்த மின்கம்பம், மூலைக் கடையின் குப்பைத் தொட்டி. ஒரே ராத்திரியில் அத்தனையும் தரையில் கிடந்தால், வாசனையே மாறிப்போனால், கிழ நாய் எதை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்கும்? செத்த கறவை மாட்டுக்கு 30,000 ரூபாய், ஆட்டுக்கு 3,000 ரூபாய் என்று நிவாரணம் கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான், அது பிழைப்பு. நாய், பூனைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அதனால் எத்தனை தொலைந்தன என்று ஒரு கணக்குக்கூட இல்லாமல் போனது.

அமெரிக்காவில் 2005-ல் கட்ரீனா புயல் வந்தபோது, நாயையும் பூனையையும் விட்டுவிட்டு வர முடியாது என்று வீட்டிலேயே தங்கிவிட்டவர்கள் ஏராளம். அதனால் மனித உயிர்களுக்கும் ஆபத்து என்று புரிந்துகொண்டு, மறு வருஷமே, 2006-ல், வெளியேற்றும் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளுக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நம் கடலோர மாவட்டங்களுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு வேண்டும். பள்ளிக்கூடத்தில் முகாம் போடும்போது சைக்கிள் ஷெட்டை நாய்களுக்கு ஒதுக்கினால் யார் குடி முழுகிவிடும்?

தேடுவது எப்படி?

சத்தம் போட்டுத் தேடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் சேர்ந்து "மணீ... மணீ..." என்று கத்திக்கொண்டு போனால் காது கேட்கிற நாய் மிரளும், கேட்காத நாய்க்குப் பிரயோஜனம் இல்லை. அதற்குப் பழகின ஆள் ஒருவர் மட்டும் மெதுவாகப் போகட்டும். விடியற்காலையும், ஊர் அடங்கிய பிறகு ராத்திரியும் நல்ல நேரம். டார்ச்சைத் தரையோடு தரையாக அடித்தால் கண் இரண்டும் மின்னும். நின்ற வாக்கில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, குனிந்து நாயின் உயரத்தில் பார்க்க வேண்டும். வைக்கோல் போரின் அடிவாரம், மோட்டார் கொட்டகை, நெல் கொள்முதல் நிலையத்தில் அடுக்கின சாக்கு மூட்டைக்குப் பின்னால், பாலத்தடி, நிறுத்தி வைத்த லாரிக்குக் கீழே, கல்யாண மண்டபத்தின் பின்பக்கம்... இவையெல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள்.

எவ்வளவு தூரம் போயிருக்கும்? 'நாய் நூறு மைல் தாண்டியும் வீட்டுக்கு வந்துடுமாமே' என்று சொல்வார்கள். அமெரிக்காவில் பாபி என்று ஒரு நாய் இருந்தது. 1923-ல் இண்டியானாவில் தொலைந்து, ஆறு மாதம் கழித்து, 1924-ல் சுமார் 2,500 மைல் தள்ளி ஆரகனில் இருந்த தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நிஜம்தான். ஆனால் பாபி அப்போது இரண்டு, மூன்று வயதுப் பயல். உங்கள் வீட்டுப் பதின்மூன்று வயதுக் கிழவரிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. அவர் வர மாட்டார். நீங்கள்தான் போக வேண்டும்.

அதே சமயம் மனம் தளரவும் தேவையில்லை. 2012-ல் அமெரிக்காவில் ஓர் அமைப்பு கணக்கெடுத்தபோது, தொலைந்த நாய்களில் 93 சதவீதமும் பூனைகளில் ஏறக்குறைய முக்கால்வாசியும் திரும்பக் கிடைத்திருந்தன. நாய்கள் அதிகமாகக் கிடைத்தது எப்படித் தெரியுமா? சும்மா அக்கம்பக்கத்தில் நடந்து தேடியதால்தான்! பூனை இன்னும் பக்கம். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், கிடைத்த பூனைகளில் பாதி, தொலைந்த இடத்திலிருந்து 50 மீட்டருக்குள்ளேயே இருந்தன. ஐம்பது மீட்டர் என்றால் நாலைந்து வீடு! அடுத்த வீட்டு மாடிப்படிக்குக் கீழே உங்கள் பூனை உட்கார்ந்திருக்க, நீங்கள் ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருப்பீர்கள்.

போஸ்டரும் வேண்டியதுதான். பெரிய படம், ஒரு ஃபோன் நம்பர், 'வயதானது, காது கேட்காது, தினமும் மருந்து சாப்பிட வேண்டும், துரத்த வேண்டாம்' என்று நாலு வரி போதும். தெருவின் வாட்ஸ்ஆப் குரூப்பில் போடுங்கள். அதை விடவும் பால்காரர், பேப்பர் போடும் பையன், துப்புரவுத் தொழிலாளர்கள், ஆடு மேய்ப்பவர், ராத்திரி ஆட்டோ ஓட்டுகிறவர் என்று விடியற்காலையில் தெருவில் இருக்கிறவர்களை நேரில் பார்த்துச் சொல்லுங்கள். ஊரின் கண்கள் அவர்கள்தான். ஓர் அடையாளத்தை மட்டும் போஸ்டரில் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். வலது தொடையில் ஒரு மரு, வாலின் நுனியில் ஒரு வளைவு, இப்படி எதையாவது. "நாய் எங்கிட்ட இருக்கு, மூவாயிரம் அனுப்புங்க" என்று ஃபோன் வந்தால் அதைக் கேளுங்கள். பதில் வராது, ஃபோன்தான் கட்டாகும்!

ராத்திரி வாசலில் அது படுக்கிற பழைய சாக்கையும், வீட்டில் ஒருவர் உடுத்திக் கழற்றிய துணியையும் போட்டு வையுங்கள். துவைக்காத துணி! மூக்குக்காகத்தான் இது.

கழுத்தில் ஒரு நம்பர்

முன்பெல்லாம் கழுத்துப் பட்டை அலங்காரம். இப்போது அது உயிர். 2025-ல் தெருநாய்கள் பற்றிச் சுப்ரீம் கோர்ட் அடுத்தடுத்து உத்தரவுகள் போட்டது நினைவிருக்கும். கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்று ஆகஸ்ட் 22-ல் சொன்ன கோர்ட், நவம்பர் 7-ல் போட்ட உத்தரவில் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கே விடக் கூடாது, காப்பகத்தில்தான் வைக்க வேண்டும் என்றது. கடி வாங்குகிற குழந்தைகளை நினைத்தால் கோர்ட்டின் கவலை நியாயமானது. ஆனால் தொலைந்துபோன கிழ நாய் எங்கே போய் ஒதுங்கும்? நிழலும் எச்சில் இலையும் கிடைக்கிற பஸ் ஸ்டாண்டில்தான்! பட்டை இல்லாவிட்டால் அதுவும் தெருநாய்தான். பிடிக்க வருகிறவருக்கு அது உங்கள் வீட்டு மணி என்று எப்படித் தெரியும்?

மைக்ரோசிப் என்று ஒன்று இருக்கிறது. ஒரு நெல்மணி அளவுதான். தோள்பட்டைத் தோலுக்கு அடியில் ஊசியால் வைத்துவிடுவார்கள். அதில் ஒரு 15 இலக்க எண் இருக்கும். சென்னை மாநகராட்சி 2025 இறுதியில் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு இதையும் கட்டாயமாக்கி, 5,000 ரூபாய் அபராதமும் அறிவித்தது. அமெரிக்கக் காப்பகங்களில் 2009-ல் பார்த்தபோது, அங்கே வந்து சேர்ந்த நாய்களில் மொத்தமாக 22 சதவீதம் வீடு திரும்பியிருந்தன. சிப் இருந்த நாய்களில் 52 சதவீதம். நல்ல சமாச்சாரம்தான். ஆனால் நம்மவர்கள் பலர் நினைப்பது மாதிரி இது நாய் எங்கே இருக்கிறது என்று காட்டாது. அதைப் படிக்கிற கருவி கையில் இருக்கிறவர் பக்கத்தில் வந்து படித்தால்தான் எண் தெரியும். உங்கள் ஊர் கால்நடை மருத்துவரிடம் அந்தக் கருவி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால், சிப்போடு சேர்த்து ஒரு சாதாரணத் துணிப் பட்டையில் ஃபோன் நம்பரைத் தைத்துக் கட்டுங்கள். என்னைக் கேட்டால், டெல்டாவின் சின்ன ஊர்களில் சிப்பை விட அந்தப் பட்டைதான் நாயை வீட்டுக்குக் கொண்டுவரும்.

யாருடைய நம்பர்? நியூஜெர்ஸியில் இருக்கும் பையன் நம்பர் வேண்டாம்! அடுத்த தெருவில் இருக்கிறவர் நம்பரைப் போடுங்கள்.

சொல்லக் கூடாத விஷயம்

பையன் என்றதும் ஞாபகம் வருகிறது. 'தொலைந்துவிட்டது' என்று சொல்லப்படுகிற வயதான நாய்களில் ஒரு பங்கு தொலைந்தவை அல்ல, தொலைக்கப்பட்டவை. கசப்பாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. அப்பாவுக்கு பைபாஸ் ஆகிறது. வீட்டைப் பூட்டிக்கொண்டு அம்மாவையும் அப்பாவையும் அழைத்துப் போகிறார்கள். நாய்? "ஃப்ளாட்ல அலவ் பண்ண மாட்டாங்க." ராத்திரி காரில் ஏற்றி, ஆற்றுக்கு அந்தக் கரையில், கோயில் வாசலில், மீன் மார்க்கெட் பக்கம் இறக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். "எப்படியும் பொழச்சுக்கும்!"

பிழைக்காது. தெருநாய்களுக்கு எல்லை உண்டு. பல் தேய்ந்த, பார்வை மங்கிய, பத்து வருஷம் தட்டில் சாப்பிட்ட நாய் அந்த எல்லைக்குள் புகுந்தால் முதல் ராத்திரியே கடித்துக் குதறிவிடும். பிராணியைப் பட்டினிக்கு ஆளாகும்படி கைவிடுவது 1960-ம் வருஷச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை! ஒரு காபிக்குக்கூட இந்தக் காலத்தில் போதுமா சொல்லுங்கள். கன்றை இழந்த பசு அடித்த மணிக்காகச் சொந்த மகனையே தேர்க்காலில் இட்ட ராஜாவுக்குத் திருவாரூரில் கல்தேர் வைத்திருக்கிறோம். அதே ஊரில் நாயை இறக்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

ஊரை விட்டுப் போவது என்று முடிவானால் ஆறு மாதம் முன்பே நாய்க்கும் ஏற்பாடு பார்க்க வேண்டும். கூட அழைத்துப் போவது முதல் வழி. ரயிலில் முதல் வகுப்புத் தனிக் கூபேயில் அழைத்துச் செல்லலாம், கார்டு வேனிலும் இடம் உண்டு. வயதான நாய்க்குக் கார்தான் உத்தமம். முடியாவிட்டால், அதற்கு ஏற்கெனவே பழகின ஒருவர் வீட்டில், மாதாமாதம் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் பணம் அனுப்பி விட்டுவைக்கலாம். இரண்டும் முடியாமல், நாய் எழுந்து நிற்கவே கஷ்டப்படுகிற நிலையில் இருந்தால், கால்நடை மருத்துவர் பார்த்துச் சம்மதித்தால், வலியில்லாமல் ஊசி போட்டுத் தூங்க வைக்கச் சொல்லி, கடைசி நிமிஷம் வரை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். பாவம் என்பீர்கள். மீன் மார்க்கெட்டை விட அது பாவம் இல்லை.

பெற்றோரையும் நினைத்துப் பாருங்கள். தனியாக இருக்கிற வயதானவருக்கு அந்த நாய்தான் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம். அதற்குச் சோறு போட வேண்டுமே என்று தனக்கும் சமைப்பவர்கள் எத்தனையோ பேர். அது காணாமல் போனால் அவர் சாப்பாட்டைக் குறைப்பார், நடப்பதை நிறுத்துவார். "ஒரு நாய்க்காகவா?" என்று கேலி செய்யாதீர்கள். நீங்களும் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்புங்கள்.

வேறு யாருடைய நாயாவது உங்கள் வாசலுக்கு வந்தால்?

இங்கே ஜாக்கிரதை வேண்டும். தள்ளாடுகிற, கூப்பிட்டால் திரும்பாத, வாயில் நீர் ஒழுகுகிற நாயைப் பார்த்தால் நம் ஊரில் உடனே "வெறி நாய்!" என்று கல்லை எடுத்துவிடுவார்கள். மறதி நோய் வந்த கிழ நாய்க்கும் தள்ளாட்டம் உண்டு. பல் சொத்தையானால் எச்சில் ஒழுகும். இரண்டையும் தூரத்திலிருந்து பிரித்துச் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. ஆகவே கல்லும் வேண்டாம், கொஞ்சலும் வேண்டாம். குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டு, ஒரு கிண்ணத்தில் தண்ணீரைத் தள்ளி வைத்துவிட்டு, கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள். கழுத்தில் பட்டை தேய்ந்த தடம், வெட்டின நகம், வாசற்படி ஏறியதும் உட்காருகிற பழக்கம்... இவை வீட்டு நாய் என்று காட்டிக்கொடுக்கும்.

கடித்துவிட்டால், கீறியிருந்தாலும்கூட, ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் கூடாது. அரசு ஆஸ்பத்திரியில் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என்று நாலு தவணை. "நாய் சாதுவாத்தான் இருந்தது" என்று பாதியில் நிறுத்தாதீர்கள். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது என்பது அநேகமாகக் கிடையாது.

உங்கள் நாய் கிடைத்துவிட்டதா? சந்தோஷத்தில் ஆட்டுக்கால் சூப் வைத்துவிடாதீர்கள்! இரண்டு, மூன்று நாள் பட்டினி கிடந்த வயிறு. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், பிறகு குழைந்த கஞ்சியோ மோர்ச் சாதமோ கைப்பிடி அளவு, சில மணி நேரம் கழித்து மறுபடி கைப்பிடி. வெங்காயம் சேர்க்கக் கூடாது. நொண்டுகிறதே என்று வீட்டிலிருக்கும் வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். இபுப்ரொஃபென் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். பாரசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். காது மடலுக்குள், விரல் இடுக்கில், வாலுக்கு அடியில் உண்ணி இருக்கிறதா, எங்காவது புண்ணில் புழு வைத்திருக்கிறதா என்று பாருங்கள். மறுநாளே டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. உண்ணி பரப்புகிற காய்ச்சல் சில வாரம் கழித்துத்தான் வெளியே தெரியும். தஞ்சை மாவட்டத்தில் ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மனிதர்களுக்கு மட்டுமல்லாமல் மிருகங்களுக்கும் மருந்து தயாரித்த சரபோஜி மன்னரின் தன்வந்திரி மஹால் இருந்த ஊர்க்காரர்கள் நாம். வைத்தியத்துக்கு நாயைத் தூக்கிக்கொண்டு போக வெட்கப்பட வேண்டியதில்லை.

அன்று ராத்திரி அதைத் திண்ணையில் விடாமல் உள்ளே படுக்க வையுங்கள். வழுக்குகிற மொசைக் தரையில் ஒரு கோணிச் சாக்கு விரித்து, தண்ணீர்க் கிண்ணத்தை எப்போதும் இருக்கிற அதே மூலையில் வைத்து, ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பை எரிய விடுங்கள். மேஜை, நாற்காலியை இடம் மாற்றாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நடக்கும், நடக்கட்டும். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை மட்டும் படுக்கப் போகும் முன் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துவிடுங்கள்.